பிள்ளைகளை அளக்கும் கஜக்கோல்

நம் சமூகத்தாரிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, "சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், ஊர்ப் பிள்ளைகளைப் பாருங்கள், பெரியவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார்கள்" என்பது. மற்றொன்று, விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர்கள் சொல்வது: "அங்கேதான் பிள்ளைகள் தறுதலையாகத் திரிகிறார்கள், இங்கே சட்டத்துக்குப் பயந்தாவது ஒழுங்காக இருக்கிறார்கள்." இரண்டையும் ஒரே வாயால், ஒரே மாதத்தில் சொல்பவர்களும் நம்மில் இல்லாமல் இல்லை!

கிராஞ்சி, மார்சிலிங், உட்லண்ட்ஸ் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில் இது வெறும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுவதில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கு மட்டம் போட்டான், புளோக்குக்குக் கீழே சேராத சேர்க்கை சேர்ந்தான், சிகரெட்டோடு பிடிபட்டான் என்றால், "கடையநல்லூருக்கு அனுப்பிவிடலாம், தென்காசியில் பெரியத்தா வீட்டில் விட்டால் திருந்திவிடுவான்" என்று இரவோடு இரவாக முடிவு கட்டப்படுகிறது. அந்த முடிவுக்கு அடியில் கிடப்பது ஓர் ஒப்பீடு. அங்குள்ள வாலிபரின் நடத்தையையும் இங்குள்ள வாலிபரின் நடத்தையையும் எடைபோட்டு, அங்கே நல்லது என்று கண்டதாக அதற்குப் பொருள். அப்படி எடைபோட்டவர் யார்? எந்தத் தராசில் போட்டார்? ஒரு பிள்ளையின் படிப்பும் எதிர்காலமும் அந்தத் தராசில் தொங்குவதால், இதை நாம் கொஞ்சம் நிதானமாக ஆராய்வது கடமை என்று கருதுகிறோம்.

முதலில் சட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். பலரும் நம்புவது அதைத்தான். எண்கள் அச்சில் வந்துவிட்டால் நமக்கு அவற்றின்மேல் ஒரு பக்தியே உண்டாகிவிடுகிறது.

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றால் எதிரே ஜொகூர் தெரிகிறது. அக்கரையில் 18 வயது நிறைந்தவன் கடையில் சிகரெட் வாங்கலாம். இக்கரையிலோ 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து 21 வயது ஆகாதவன் சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் பாலத்தைக் கடந்து வருகிறான். அவனுடைய பழக்கம் மாறவில்லை. புகையின் விஷமும் மாறவில்லை. ஆனால் அங்கே எந்த ஜாபிதாவிலும் இடம்பெறாதவன் இங்கே சட்டத்தை மீறியவனாகிவிடுகிறான். இந்தச் சட்டம் நல்ல சட்டமே. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. இரு கரைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எங்கள் வாலிபர் மோசம், அவர்கள் வாலிபர் யோக்கியம்" என்று சொல்ல முடியாது என்பதே நாம் சொல்ல வருவது.

கலகம் என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரே நோக்கத்தோடு கூடிப் பலாத்காரத்தில் இறங்கினால் சிங்கப்பூர்ச் சட்டப்படி அது கலகம். இந்தியாவிலும் மலேசியாவிலும் அதே ஐந்து பேர்தான். மூன்றும் ஆங்கிலேயர் நட்ட ஒரே மரத்தின் கிளைகள் அல்லவா! அந்த ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றால், 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி பன்னிரண்டு பேர் கூடினால்தான் கலகம். ஏழு பையன்கள் சேர்ந்து ஒருவனை அடித்தால் இங்கே கலகக்காரர் பட்டியலில் ஏழு பேர் ஏறுகிறார்கள். லண்டனில் அதே அடி வேறு பெயரில் வேறு பட்டியலில் போகிறது. அடிபட்டவனுக்கு இரண்டு ஊரிலும் வலி ஒன்றுதான்.

வயதுக் கணக்கோ இன்னும் வேடிக்கை. ஒரு குழந்தையின் செயலைக் குற்றமாகக் கொள்ளத் தொடங்கும் வயது இந்தியச் சட்டத்தில் 7. இங்கும் 7 ஆக இருந்து 2020 ஜூலையில் 10 ஆயிற்று. மலேசியாவிலும் இங்கிலாந்திலும் 10. இலங்கையில் 8 ஆக இருந்து 2018-இல் 12 ஆக உயர்ந்தது. நம் ஷரீஅத்தின் ஆலிம்கள் வெறும் எண்ணை முதலில் வைக்காமல், பருவமடைதலின் அடையாளங்களை வைத்தார்கள். அடையாளம் தோன்றாதபோதுதான் வயது. அந்த வயதிலும் இமாம் ஷாபிஈ அவர்கள் 15 என்றார்கள்; இமாம் அபூஹனீபா அவர்கள் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள்; அவர்களுடைய மாணாக்கரான அபூயூசுபும் முஹம்மதும் 15 என்றே கொண்டார்கள். மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதில் நம் பெரியோர்களிடையேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் அங்கே இளஞ்சிறார் செய்தவையாகப் பதிவான தண்டனைச் சட்டக் குற்றங்கள் 9,267. அடுத்த ஆண்டில் 16,509. ஒரே ஆண்டில் பிள்ளைகளுக்குப் பேய் பிடித்துவிட்டதா? அதுவரை ஆண் பிள்ளை 16 வயது வரையில்தான் சிறுவன். புதிய சட்டம் அதை 18 ஆக்கியது; 2001 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. நேற்றுவரை பெரியவர் கணக்கில் எழுதப்பட்ட பதினாறும் பதினேழும் சிறுவர் ஏட்டுக்கு மாறிவிட்டார்கள். மாறிய ஏட்டைக் கவனிக்காமல் தொகையை மட்டும் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சரி, போலீஸ் கணக்கு வேண்டாம்; பிள்ளைகளை நேரில் அறிந்தவர்களையே கேட்போம் என்று அறிஞர்கள் புறப்பட்டார்கள். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேள்வித்தாளைக் கொடுத்து, "இந்தப் பிள்ளை சண்டை போடுகிறானா, பொய் சொல்கிறானா, திருடுகிறானா, சொன்னபடி கேட்கிறானா" என்று குறிக்கச் சொன்னார்கள். ஒரே கேள்வித்தாளைப் பல மொழிகளில் பெயர்த்துப் பல நாடுகளில் கொடுத்துவிட்டால், பிறகு கூட்டிப் பார்ப்பதுதானே பாக்கி?

இங்கேதான் ஓர் அருமையான ஆராய்ச்சி குறுக்கே நிற்கிறது. அமெரிக்கரான ஜான் வைஸ் என்பவரும் அவருடைய தாய்லாந்து நண்பர்களும் சேர்ந்து செய்து 1995-இல் வெளியிட்டது. தாய்லாந்து ஆசிரியர்களையும் அமெரிக்க ஆசிரியர்களையும் தத்தம் மாணவரைப் பற்றிக் கேட்டார்கள். தாய்லாந்து ஆசிரியர்கள்தாம் தங்கள் மாணவரிடம் அதிகக் குறைகள் இருப்பதாக எழுதினார்கள். அந்தத் தாள்களை மட்டும் படித்திருந்தால், தாய்லாந்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட முரடர்கள் என்று உலகம் முடிவு செய்திருக்கும். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அத்தோடு விடவில்லை. பயிற்சி பெற்ற பார்வையாளர்களை வகுப்பறைகளில் உட்கார வைத்து, பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். விளைவு தலைகீழ்! அமெரிக்கப் பிள்ளைகளிடம் காணப்பட்ட ஒழுங்கீனம் தாய்லாந்துப் பிள்ளைகளிடம் கண்டதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

தாய்லாந்து ஆசிரியர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அடக்கமும் மென்மையும் பெரிதாக மதிக்கப்படும் இடத்தில், ஒரு பிள்ளை சற்றே உரக்கப் பேசினாலும் அது கண்ணை உறுத்துகிறது. சத்தமே வழக்கமாகிவிட்ட வகுப்பில் அதே பிள்ளை யார் கண்ணிலும் படமாட்டான். வெள்ளைத் துணியில் விழுந்த புள்ளியும் சாம்பல் துணியில் விழுந்த புள்ளியும் போலத்தான். கண்டிப்பான வீட்டில் குறைகள் அதிகமாகப் பதிவாவதற்குக் குறைகள் அதிகமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கண்டிப்பு அதிகம் என்பதற்கும் அது அடையாளமாகலாம்.

இதை நம் வீடுகளில் பொருத்திப் பாருங்கள். அத்தா ஒன்று சொல்லும்போது மகன் "ஏன்?" என்று கேட்டுவிட்டால், நம்மில் எத்தனை பேர் அதை எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொள்கிறோம்! அதே பையன் பள்ளியில் "ஏன்?" என்று கேட்கும்போது ஆசிரியர் அவனைச் சிந்திக்கத் தெரிந்தவன் என்று பாராட்டுகிறார். காலையில் பாராட்டுப் பெற்ற வாய்க்கு மாலையில் அறை விழுகிறது. உலகெங்கும் வழங்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1997-இல் ராபர்ட் குட்மன் என்ற ஆங்கில மருத்துவர் வெளியிட்டது. 25 கேள்விகள் கொண்டது. அதில் நடத்தை பற்றிய ஐந்தில் ஒன்று, பிள்ளை பொதுவாகக் கீழ்ப்படிகிறானா என்பது. கீழ்ப்படிதல் என்பதற்கு மார்சிலிங்கில் உள்ள தாயும் மான்செஸ்டரில் உள்ள தாயும் ஒரே அளவை வைத்திருப்பார்களா? திருட்டையும் அடிதடியையும் பற்றிய கேள்வியில் இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போகலாம். கீழ்ப்படிதலில் நிச்சயமாக ஒத்துப்போகமாட்டார்கள். இரண்டையும் ஒரே கூட்டலில் போடுகிறோம்.

ஒரே நாட்டுக்குள்ளேயே பெரியவர்கள் ஒத்துப்போவதில்லை என்பதும் தெரிந்த விஷயம். 1987-இல் தாமஸ் ஆக்கன்பாக் என்பவரும் கூட்டாளிகளும் 119 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1, ஒற்றுமையே இல்லாததற்கு 0 என்று வைத்தால், பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடங்களில் பிள்ளையைக் காண்பவர்களின் கூற்றுக்கிடையே இருந்த ஒற்றுமை 0.28 மட்டுமே. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் பிறர் அவனைப் பற்றிச் சொன்னதற்கும் இடையே 0.22. நம் சிங்கப்பூரில் 6 முதல் 12 வயதுக் குழந்தைகளைப் பற்றி 2007-இல் வெளியான ஆராய்ச்சியிலும் இதையே காண்கிறோம். பெற்றோர் சொன்னபடி நூற்றுக்கு 12.5 பேருக்கு மனத்திலோ நடத்தையிலோ சிக்கல். ஆசிரியர் சொன்னபடி 2.5 பேருக்குத்தான். பிள்ளைகள் அதே பிள்ளைகள். யார் சொன்னது சரி என்று கேட்டால், இருவரும் தாம் கண்டதைச் சொன்னார்கள் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்படியானால் வாலிபனையே கேட்டுவிடலாமே? அதையும் செய்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஜோசின் யுங்கர்-டாஸ் அம்மையார் முன்னின்று 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பன்னாட்டு ஆராய்ச்சியில், பல நாட்டு வாலிபரிடம் பெயர் கேட்காமல், நீ திருடியதுண்டா, அடித்ததுண்டா, உடைத்ததுண்டா என்று வினவினார்கள். 2005-க்குப் பிறகு நடந்த இரண்டாம் சுற்றில் சுமார் முப்பது நாடுகள் சேர்ந்தன. போலீஸ் பிடித்தால்தான் கணக்கு என்ற குறையைத் தாண்டிய நல்ல முயற்சி அது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. அது நம்மைப் போன்றவர்களைத் தொடும் முடிச்சு.

1989-இல் அதே நெதர்லாந்தில் மரியான் யுங்கர் என்பவர், வாலிபரின் வாக்குமூலத்தைப் போலீஸ் ஏட்டோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். போலீஸ் ஏட்டில் பெயர் இருந்தும், தமக்கும் போலீசுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை என்று சொன்னவர்கள் மொராக்கோ, துருக்கிக் குடும்பங்களின் பையன்களிடையே அதிகம் என்று கண்டார். உடனே பென் பௌலிங் என்ற ஆங்கிலேயர் மறுப்பு எழுதினார்: போலீஸ் ஏடுதான் உண்மை என்று எப்படி வைத்துக்கொள்ளலாம்? சில சமூகத்துப் பையன்களின்மேல் போலீசின் கண் அதிகம் விழுந்தால் ஏடும் கோணலாகத்தானே இருக்கும்? நியாயமான கேள்வி. எனினும் நமக்குத் தோன்றும் வேறொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம்: பாவம் செய்துவிட்டால் இறைவனிடம் முறையிடு, அதை நாலு பேரிடம் பறைசாற்றாதே, பிறருடைய அய்பையும் மூடு, உன்னுடையதையும் மூடு. இது அழகிய ஒழுக்கம். இந்த ஒழுக்கத்தில் வளர்ந்த பையனிடம் முன்பின் தெரியாத ஒருவர் தாளை நீட்டி, நீ செய்த தவறுகளையெல்லாம் எழுது என்றால், அவன் எழுதாமல் விடுவது அவன் பொய்யன் என்பதையா காட்டுகிறது? செய்ததைப் பெருமையாகச் சொல்லும் வழக்கமுள்ள இடத்துப் பையன் ஒன்றுக்கு இரண்டாகவும் எழுதிவிடக்கூடும். இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வந்து கூட்டப்படுகின்றன.

இவ்வளவையும் படித்தவர், "சரி, பிள்ளைகளின் நடத்தையை அளக்கவே முடியாது, அவரவர் பண்பாடு அவரவருக்கு, அடுத்தவன் நமக்குச் சொல்ல வேண்டாம்" என்று எழுந்து போய்விடக்கூடும். அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. அது வசதியான முடிவு. அடிப்பவனுக்கும் அவன் பெற்றோருக்கும் வசதி, அடிபடுபவனுக்கு அல்ல.

பள்ளிக்கூடத்தில் ஒருவனைப் பலர் சேர்ந்து நாள்தோறும் வதைப்பதை முன்பெல்லாம் நாம் "கேலி" என்றே சொல்லிவந்தோம். கேலிக்கு யார் புகார் கொடுப்பார்? இப்போது நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் "பகடிவதை" என்று எழுதுகின்றன. பகடிக்குள்ளே ஒரு வதை இருக்கிறது என்று அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. 2018-இல் பல நாடுகளில் 15 வயது மாணவரிடம் நடந்த பீசா தேர்வின்போது, மாதத்தில் சில தடவையாவது பிறரால் வதைக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் சிங்கப்பூரில் நூற்றுக்கு 26 பேர். வளர்ந்த நாடுகளின் சராசரி 23. இளைஞர் குற்றம் குறைவு என்று நாம் பெருமை பேசும் இந்நாட்டிலே இப்படி. இங்குள்ள மாணவருக்கு அந்தச் சொல் நன்கு தெரிந்திருப்பதால் அதிகம் சொன்னார்கள் என்று ஒருவர் வாதிக்கலாம், அதுவும் இருக்கலாம். ஆனால் 26 பேர் சொன்னதைச் சராசரியோடு ஒப்பிடாமலே, அது 26 பேர் சொன்னது என்று எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை? மேலும் இந்தக் கேள்வி ஆசிரியரையோ, தாயையோ, தவறு செய்தவனையோ கேட்கவில்லை, துன்பப்பட்டவனைக் கேட்டது. எதிர்த்துப் பேசுவது குற்றமா என்பதில் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடலாம். தன் பையிலிருந்த காசு பறிபோனவனுக்கு அது பறிபோயிற்று என்பதில் எந்தப் பண்பாட்டிலும் சந்தேகம் வராது. ஆகவே ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால், பெரியவரின் மனத்தாங்கலை விட்டுவிட்டுப் பிறருக்கு நேர்ந்த தீங்கை அளந்து ஒப்பிடுவதே நியாயத்துக்கு நெருக்கமானது என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக்கூடாது. ஒரு சமூகத்தை மொத்தமாக அளந்து முத்திரை குத்தினால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1871-இல் ஆங்கிலேயர் வடஇந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல், எந்தக் குலத்தில் பிறந்தான் என்று பார்த்துக் கைரேகை எடுத்த சட்டம். 1897-இல் செய்த திருத்தமோ, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் கூடங்களில் அடைக்கவும் வழி செய்தது. அந்தப் பிள்ளை எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் இந்தச் சட்டத்தை எதிர்த்த கள்ளர் மக்கள்மேல் துப்பாக்கி வெடித்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது நீங்கிற்று. "இந்தச் சமூகத்து வாலிபர்கள் இப்படித்தான்" என்று இன்று யாராவது எண்களைக் காட்டும்போது, அந்தச் சமூகம் நமதாயினும் பிறருடையதாயினும், நமக்கு அந்தக் கைரேகை ஏடு நினைவுக்கு வருகிறது. பிற இனத்துப் பிள்ளைகளைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் பேசப்படும் பேச்சும் இதில் அடங்கும். அதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

இனி, ஊருக்கு அனுப்பும் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் பிள்ளை கைமீறிப் போனால் பெற்றோர் இளையர் நீதிமன்றத்தை நாடலாம். முன்பு "பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவர்" என்றிருந்த பெயரைக்கூட 2020-இல் "குடும்ப வழிகாட்டுதல்" என்று மாற்றினார்கள். நம்மவர் பலர் அந்தப் படியேறுவதில்லை. மானம் போய்விடும் என்ற அச்சம். அதற்குப் பதில் விமானச் சீட்டு. ஊருக்குப் போன பிள்ளை இங்குள்ள எந்தக் கணக்கிலும் வரமாட்டான். அங்கேயும் வரமாட்டான், பெரியத்தா வீட்டு மானத்தைக் காக்க அத்தெருவே அவன் தவறை மூடிவிடும். இங்கே அத்தாவும் அம்மாவும் மாறி மாறி ஷிப்ட் வேலைக்குப் போக, பையனைப் பார்க்கும் கண்கள் குறைவு. அங்கே தெருமுனை டீக்கடையிலிருந்து மாமியின் திண்ணை வரை கண்கள்தாம். அந்தக் கண்களால் அவன் சிலகாலம் அடங்கி நடக்கலாம், அது நன்மையே. ஆனால் 18 வயதில் தேசிய சேவைக்குத் திரும்பி வருகிறவன், கண்கள் இல்லாத இடத்துக்குத்தான் திரும்பி வருகிறான்.

அனுப்பவே கூடாது என்று நாம் சட்டம் போடவில்லை. சில குடும்பங்களுக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆனால் அனுப்புமுன், ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பையனை அவனோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஓர் ஒப்பீட்டில்தான் கஜக்கோல் மாறாமல் இருக்க வழியுண்டு. சென்ற மூன்று மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் காசு எத்தனை தடவை காணாமல் போயிற்று? யாரை அடித்தான்? தம்பியையும் தங்கையையும் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்திராது. பிறகு அவனையும் கேளுங்கள், கையை ஓங்காமல். இவற்றை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அவன் இங்கே இருந்தாலும் ஊரில் இருந்தாலும், மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அதே ஆட்களிடமோ, அவர்கள் இடத்தில் இருப்பவர்களிடமோ கேளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் ஊர் மாமி, "பிள்ளை தங்கமாக இருக்கிறான்" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். சந்தோஷப்பட்டுவிட்டு, இந்த வாரம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனான் என்று கேளுங்கள்.